ஆடியில் ஆள் எடுக்கக் கூடாது

இது நாகர்கோவில் பஸ்ஸுதானே தம்பி? போர்டைப் பாத்துத்தான் ஏறினேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதது நல்லது. என் தொழிலே அதுதான், கேக்குதது. நான் கல்யாணத் தரகர். சுயம்புலிங்கம்னு தூத்துக்குடியில யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க. முப்பது வருஷத்துல நானூறு கல்யாணத்துக்கு மேல முடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு பிரிஞ்சுதுன்னு ஒரு பய சொல்ல முடியாது. என் மகள் வடிவு மட்டும் போன வருஷம் ஆடிக்கு வீட்டுக்கு வந்தா. புதுப்பொண்ணை ஆடிக்கு அழைச்சிட்டு வாரது வழக்கம்தானே? வந்தவ அடுத்த ஆடியும் தாண்டி எங்க வீட்லதான் இருக்கா. அதைப் பிரிஞ்ச கணக்குல சேக்கக் கூடாது. அவளுக்கு ஆடி கொஞ்சம் நீண்டு போச்சு, அவ்வளவுதான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? ஆயிட்டா, சரி. சும்மா கேட்டேன், பழக்கதோஷம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. ஃபுட்பால். சிரிக்காதீங்க. வெள்ளைத்தங்கம் எஃப்.சி.ன்னு எங்க ஊர் டீம் ஒண்ணு இருக்கு. மாசச் சம்பளம் குடுத்து ஆள் வச்சு, நாடு பூரா போயி ஆடுத டீம். அதுக்கு இந்த வருஷம் ஆள் பாத்தது நான்தான்.

எப்படின்னு கேளுங்க. டீமோட முதலாளி பால்வண்ணம், உப்பளக்காரர். போன சீசன்ல பதினாலு ஆட்டத்துக்கு மொத்தம் அஞ்சு கோல். அதுல ரெண்டு, எதிராளி தன் வலையில தானே அடிச்சது. முன்னால நின்னு கோல் போட வேண்டியவன் பாதி சீசன்லயே பெட்டியக் கட்டிட்டான். அவனோட சேந்து வந்த மூணு பேரும் பின்னாலயே போயிட்டானுவ. இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா டீமைக் கலைச்சிருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. கோச் மச்சாதுவையும் என்னையும் ஒண்ணாக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. "மச்சாது, நீரு பாத்துச் சேத்த நாலும் நிக்கல. சுயம்பு என் மூணு மகளுக்கும் பாத்தாரு, மூணும் நிக்குது. இனிமே ஆள் பாக்குதது அவரு பொறுப்பு"ன்னுட்டாரு.

மச்சாது கடற்கரைக்காரர். ஒரு காலத்துல நல்லா ஆடின மனுஷன், கோவம் மூக்கு மேல நிக்கும். "முதலாளி, இவருக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?"ன்னு கேட்டாரு.

எனக்குத் தெரியாதுதான். "எனக்கு மாப்பிள்ளை பாக்கத் தெரியும்வே. மத்ததை நீரு பாத்துக்கிடும்"னேன்.

அப்புறந்தான் தெரியுது, நாங்க பாக்க வேண்டியது எல்லாமே ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா இருக்குத ஆட்களைன்னு. ஃப்ரீ ஏஜென்ட்னு சொல்லுதாவ. இருக்குத இடத்துல இருந்து ஆளைக் கிளப்பணும்னா அந்த க்ளப்புக்குப் பெரிய தொகை குடுக்கணுமாம், முதலாளி அதுக்கு ஒத்துக்கிடல. எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு தம்பி. ஏற்கெனவே ஒரு இடத்துல வாழ்ந்துட்டு வந்த ஆளுல்லா? எங்க தொழில்ல இது ரொம்ப நுணுக்கமான கேஸு. ஏன் விட்டுட்டு வந்தான், தப்பு யார் மேல, பழைய இடத்துல இவனைப் பத்தி என்ன பேசுதாவ, இதெல்லாம் பாக்காம கைய வச்சா பொறவு நாமதான் பதில் சொல்லணும்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வடிவைத்தான் உக்கார வச்சேன். எம்.காம். படிச்சவ. வேலைக்குப் போகாம வீட்லதான இருக்கா. அவ சர்டிபிகேட்டெல்லாம் மாப்பிள்ளை வீட்டு பீரோவுல இருக்கு. அவ மாமியார் சாவியை இடுப்புல சொருகிட்டு, அவ திரும்பி வந்தாத்தான் தருவேன்னு சொல்லுதாவ. அதுவும் ஒரு பிரியந்தான், இல்லன்னு சொல்ல முடியாது.

வடிவு டைப் அடிச்சுக்கிட்டே, "அப்பா, ஒப்பந்தம் முடிஞ்சா முடிஞ்சுது. அதுல தப்புன்னு ஒண்ணு எதுக்கு இருக்கணும்?"னா.

சின்னப் பிள்ளை. முப்பது வயசுல என்ன தெரியும்?

என்ட்ட ஒரு ஃபாரம் உண்டு. முப்பது வருஷமா அதேதான். பெயர், நட்சத்திரம், உயரம், நிறம், உடன்பிறப்பு எத்தனை, சொந்த வீடு உண்டா, எதிர்பார்ப்பு என்ன. அதையே எல்லாருக்கும் அனுப்பி வச்சோம். நாப்பது பேருக்கு அனுப்பினதுல மூணு பேரு நிரப்பி அனுப்பினான். மச்சாது தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் சொன்னேன், "மூணு பேரு நிரப்பியிருக்கான்னா அந்த மூணும் குடும்பப்பாங்கான ஆளுன்னு அர்த்தம். மத்தவன் நமக்கு எதுக்கு?"

முதல் ஆளு மிசோரம் பையன், லால்தாங்கா. இருபத்திமூணு வயசு. பொண்ணு பாக்குத மாதிரி நேர்ல பாத்துருவோம்னு வரவழைச்சேன். உப்பு கோடவுன் மாடியில வச்சு கேசரி, பஜ்ஜி, காப்பி. நாங்க மூணு பேரும் ஒரு வரிசையா உக்காந்தோம். நான் பையனைக் கொஞ்சம் நடந்து காமிக்கச் சொன்னேன்.

"ஓடச் சொல்லும்வே! அவன் ஓரத்துல ஓடுத விங்கர்!"னு மச்சாது கத்துதாரு.

நடையிலயே குணம் தெரிஞ்சிரும், இவருக்கு அது எங்க தெரியுது? பொறவு, பாடத் தெரியுமான்னு கேட்டேன். அதுவும் வழக்கம்தான், வாய் தவறி வந்துட்டு. அந்தப் பையன் எந்திரிச்சு நின்னு, கையக் கட்டிக்கிட்டு, அவுக சர்ச் பாட்டு ஒண்ணு பாடினான் பாருங்க! முதலாளி அழுதுட்டாரு. "இந்தப் பையனை விட்டுராதீரும் சுயம்பு"ன்னு துண்டால கண்ணைத் துடைக்காரு. மச்சாது எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பஜ்ஜியக் கூடத் தொடல.

ஆனா நான் விசாரிச்சேன். நாலு வருஷத்துல அஞ்சு டீம். அஞ்சு! "அது லோன்வே, ஒரு டீமு இன்னொரு டீமுக்கு ஆளைக் கொஞ்ச நாள் குடுத்து வாங்குதது"ன்னு மச்சாது விளக்குதாரு. கேக்கவே எனக்குக் காது கூசிச்சு. இப்படி ஒரு பழக்கத்தை வெளிய சொல்லலாமா தம்பி?

ரெண்டாவது ஆளு எங்க ஊரே, ஜெபஸ்டின். வயசு முப்பத்தாறு. தெருவுல போயி விசாரிச்சேன். டீக்கடை, சலூன், சர்ச்சுல மணியடிக்குத கோயில்பிள்ளை, எல்லாரும் தங்கமான பையன்னாவ. குடி இல்ல, சிகரெட் இல்ல. ரெண்டு வருஷமா எந்த டீம்லயும் ஆடல, அதனால எந்தப் புகாரும் இல்ல. என் ஓட்டு அவனுக்குத்தான்.

"அவன் முட்டி ரெண்டும் ஆபரேசன் பண்ணினது. படியேற முடியாது"ன்னாரு மச்சாது.

"மைதானம் சமதளம்தானே?"ன்னு கேட்டேன்.

மூணாவது நைஜீரியாக்காரரு, சிகோசி. வயசு இருபத்தொம்பது. போன வருஷம் வேற டீமுக்குப் பதினாறு கோல் போட்டவரு. "இவன்தான் வேணும், இவனை விட்டா டீம் போச்சு"ன்னு மச்சாது ஒத்தக் கால்ல நிக்காரு. நான் முடியாதுன்னு சொல்லல. ஜாதகம் பாப்போம்னேன். மனுஷனுக்கு மட்டும் பாத்தாப் போதாது, டீமுக்கும் பாக்கணும்லா? டீம் பிறந்த நேரம்னு பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட நேரத்தை எடுத்தேன். பாத்தா மூல நட்சத்திரம்!

முதலாளி அரண்டு போயிட்டாரு. நான் தைரியம் சொன்னேன். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்னு சொல்லுவாவள்லா? அதுல பாதி நல்லதுதானே?

"அப்ப நம்ம டீமு ஆணா, பொண்ணா?"ன்னு முதலாளி கேட்டாரு.

அன்னைக்கு முழுக்க அந்தப் பேச்சுதான் தம்பி. ஆடுதவன் எல்லாம் ஆம்பிள்ளை, அதனால ஆணுங்கேன் நான். ஜெயிச்சாலும் தோத்தாலும் வருஷம் பூரா செலவு வைக்கி, அதனால பொண்ணுங்காரு மூணு பொண்ணைப் பெத்த முதலாளி. மச்சாது சன்னல் வழியா உப்பு மேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசியா, "நான் மறுபடியும் கடலுக்கே போயிருதேன்"னாரு.

சிகோசிக்குப் பிறந்த நேரம் வேணும். அவருக்குத் தெரியல, அவுக அம்மா நம்பரைக் குடுத்தாரு. எனக்கு இங்கிலீஷ் வராது, வடிவுதான் பேசினா. அந்தம்மா சொல்லுதாவளாம், அவுக ஊர்ல வாரத்துக்கு நாலே நாளுதான், நாலும் சந்தைப் பேருல இருக்குமாம். அதுல கடைசி சந்தை நாள்ல, மழை பெய்யும்போது பிறந்தாராம். எனக்கு ஒரே சந்தோசம்! அவுகளுக்கும் நாள் பாக்குத முறை இருக்கு பாத்தீங்களா? ஆனா நாலு நாளு வாரத்தை நம்ம பஞ்சாங்கத்துல எங்க கொண்டு பொருத்த? ராத்திரி பகலாக் கணக்குப் போட்டும் கட்டம் அடையல.

பொறவு அந்தம்மா திருப்பி விசாரிக்க ஆரம்பிச்சாவ. உங்க முதலாளி எப்படி, சாப்பாடு என்ன, என் மகனுக்கு முன்னால அந்த இடத்துல இருந்தவன் ஏன் போனான்? நான் வடிவுட்ட, "பையனுக்கு ஊர்த் தண்ணி ஒத்துக்கிடலன்னு சொல்லு"ன்னேன். அது என் வழக்கமான பதில். அவ இங்கிலீஷ்ல என்னமோ சொன்னா. "என்ன சொன்னே?"ன்னு கேட்டா, "மதிக்கல, அதான் போனான்னு சொன்னேன்"ங்கா!

அதோட முடியல. ரெண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினாவ. வடிவு நடுவுல அழுதா. போனை வச்ச பொறவு, என்ன பேசினீங்கன்னு கேட்டேன். "அவர் பழைய இடத்தை விட்டு எப்படி வெளிய வந்தாருன்னு சொன்னாங்க"ன்னா. அதுக்கு இவ எதுக்கு அழணும்? ஃபுட்பால் மேல அவளுக்கு அவ்வளவு பிரியம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சரி, முதலாளிக்குப் பாட்டுக்காரப் பையன், மச்சாதுக்கு நைஜீரியாக்காரரு, எனக்கு ஜெபஸ்டின். ஒரு மாசம் இழுத்துச்சு. அதுக்குள்ள ஆடி பிறந்துட்டு. நான் ஃபாரத்தை எல்லாம் கட்டி மேல வச்சிட்டேன். ஆடியில யாராவது சம்பந்தம் பேசுவாவளா?

மச்சாது ஓடி வந்தாரு. புது ஆள் பேரைப் பதியுததுக்கு ஆடி இருபத்தஞ்சு சாயங்காலம் அஞ்சு மணியோட கெடு முடியுதாம். அதுக்கு மேல ஜனவரியிலதான் கதவைத் திறப்பாவளாம். "பேசி மட்டும் வச்சுக்கிடுவோம், கையெழுத்து ஆவணி முதல் முகூர்த்தத்துல போடலாம்"னேன்.

"அந்த ஆபீஸ்காரன் ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்வே!"

"அவன் வீட்ல மட்டும் ஆடியில கல்யாணம் வைப்பானா?"

முதலாளியும் என் பக்கம். அது மட்டும் இல்ல தம்பி, எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்துச்சு. சிகோசியோட பழைய டீம்ல இருந்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதாசி வாங்காம எப்படி எடுக்க? நாளைக்கு வந்து எங்க ஆளுன்னு நின்னா? மச்சாது பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுதாரு, ஒப்பந்தம் முடிஞ்சுட்டா பழைய டீமுட்ட எதுவும் கேக்க வேண்டாமாம். பேப்பர் கேட்டா அவன் குடுத்தாகணுமாம், பிடிச்சு வைக்க உரிமை கிடையாதாம். வடிவு டைப் அடிக்குததை நிப்பாட்டிட்டு, "நிசமாவா சார்? பிடிச்சு வைக்க முடியாதா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா.

கெடு முடியுததுக்கு முந்துன நாளு நானும் முதலாளியும் ராமேஸ்வரம் போனோம். டீமுக்கு மூலதோஷம் கழியணும்லா, இருபத்திரண்டு தீர்த்தத்துலயும் குளிக்குததா முதலாளி வேண்டியிருந்தாரு. மறுநாள் சாயங்காலம் ஈரத் துண்டோட பஸ் ஸ்டாண்டுல நிக்கோம், மச்சாது போன் அடிக்காரு. "முடிச்சாச்சு"ன்னாரு. என்னத்தன்னு கேட்டா, சிகோசியை எடுத்தாச்சாம். டீமோட கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வடிவுட்டதான இருக்கு? நாலே முக்காலுக்கு எல்லாப் பேப்பரையும் ஏத்தி அனுப்பிட்டாளாம். அதுவும் சரியா ராகு காலத்துல!

முதலாளி கோவப்படுவாருன்னு பாத்தா, தலையத் துவட்டிக்கிட்டே, "தோஷம் கழிஞ்ச உடனே நடந்திருக்கு பாரும்"னுட்டாரு. நான் வீட்டுக்கு வந்து வடிவைச் சத்தம் போட்டேன். "இது நாளைக்குப் பிரிஞ்சா என் பேரு என்னத்துக்கு ஆகும்?"னு கேட்டேன். அவ சோத்தைப் போட்டு வச்சிட்டுப் போயிட்டா.

அந்தச் சிகோசி வந்து முதல் ஆட்டத்துலயே ரெண்டு கோல் போட்டாரு. ஊரே ஆடுது. ஆவணியில எடுத்திருந்தா மூணு போட்டிருப்பாரு, ஆனா இதை யார்ட்ட சொல்ல?

இப்பத்தான் தம்பி விசயத்துக்கு வாரேன். போன வாரம் சிகோசியோட அம்மா வந்தாவ. ஆமா, நேர்லயே! மகன் சேந்த இடத்தைப் பாக்கணும்னு அங்கயிருந்து கிளம்பி வந்துட்டாவ. நல்ல ஆகிருதி. தலையில பெரிய துணிக்கட்டு, எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சுதான் நுழைஞ்சாவ. அதுக்கு முன்னால ஆட்டக்காரங்க தங்குத இடத்துல சமையல்கட்டைத் திறந்து பாத்து, மெத்தையைத் தட்டிப் பாத்து, ஃபேன் சுத்துதது பத்தாதுன்னு முதலாளியைப் போட்டு வாங்கியிருக்காவ. முதலாளி எனக்குப் போன் பண்ணி, "சம்பந்தியம்மா மாதிரி கேக்காவவே, நடுங்குது"ன்னாரு.

எங்க வீட்ல வந்து உக்காந்தாவ. காப்பி வேண்டாம்னாவ, தண்ணி வேண்டாம்னாவ. நாற்காலி ஆடுதுன்னு எந்திரிச்சு வேற நாற்காலியில உக்காந்தாவ. பொறவு என்னைப் பாத்து நீளமா என்னமோ கேட்டாவ. வடிவு பக்கத்துல நிக்கா. வாயத் திறக்க மாட்டேங்கா. அந்தம்மா கையத் தட்டி, சொல்லுன்னு அதட்டினாவ.

வடிவு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "அப்பா, அவங்க கேக்காங்க. 'எங்கயோ இருக்குத என் மகனுக்காக அவன் பிறந்த நாளு, நேரம், மழை வரைக்கும் விசாரிச்சீங்க. ஒங்க மகளைக் குடுத்த இடத்துல என்ன விசாரிச்சீங்க?'ன்னு."

நான் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். தரகன் வாயில பதிலுக்கா பஞ்சம்? ஆனா வரல தம்பி. யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணுமே விசாரிக்கல. மாப்பிள்ளை என் மச்சினிக்குக் கொழுந்தன் முறை. சொந்தத்துக்குள்ள என்னத்த விசாரிக்க, நம்ம இடந்தானேன்னு விட்டுட்டேன். நானூறு வீட்டுக்காக டீக்கடை டீக்கடையா ஏறி இறங்கினவன், மாப்பிள்ளை தெருவுல ஒரு கடையில நின்னு ஒரு கிளாஸ் டீ குடிக்கல. குடிச்சிருந்தா சொல்லியிருப்பானுவ. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அவ வந்த பொறவாவது, ஏன்மா வந்தேன்னு கேட்டேனா? ஒண்ணேகால் வருஷமாக் கேக்கல. கேட்டா அவ சொல்லிருவாளேன்னு பயந்துட்டேன்.

அந்தம்மா போன பொறவு கேட்டேன். சொன்னா. அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன் தம்பி, அது அவ விசயம். நான் வெளிய போயி பம்பு பக்கத்துல நின்னு அழுதேன்.

நேத்து வக்கீல்ட்ட போயி, விவாகரத்துப் பேப்பர்ல அவரு நீட்டுன இடத்துல எல்லாம் அவ கையெழுத்துப் போட்டா. நாள் பாக்கல. முதலாளி அவளை டீம் ஆபீஸ்லயே நிரந்தரமா வேலைக்குச் சேரச் சொல்லுதாரு, அதுக்கு அசல் சர்டிபிகேட் வேணுமாம். நோட்டீஸ் விட்டு வாங்கலாம்னு வக்கீல் சொன்னாரு. நாகர்கோவில்ல மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போயி வாங்கிட்டு வாரேன்னு சொல்லிக் கிளம்பிட்டேன். வடிவு என்னைப் பஸ் ஏத்தி விட வந்தா. கல்யாணத்துக்குப் பொறவு நான் கூப்பிடாம அவளா என்கூட வெளிய வந்தது இதான் முதல் தடவை.

இது என்ன ஊரு, வள்ளியூரா? அப்ப இன்னும் ஒரு மணி நேரத்துல போயிரும்.

தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் ஒரு வீட்டு வாசல்ல போயி நின்னா முதல் வார்த்தை என்ன பேசணும், எங்க சிரிக்கணும், எப்பக் காப்பியக் கையில வாங்கணும், எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அத்தனையும் சேத்து வைக்கப் போற வீட்ல பேசுத பேச்சு. வேற பேச்சு நான் பேசினதே இல்ல. பஸ் ஏறினதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன், "எல்லாரும் சௌக்கியமா"ன்னுதான் வாய் ஆரம்பிக்கி. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. "என் மகளுக்கு இங்க இருக்க இஷ்டம் இல்ல, அவ சர்டிபிகேட்டைக் குடுங்க"ன்னு நேரா ஆரம்பிச்சுரலாமா? இல்ல, இருங்க, நான் ஒருக்கா சத்தமாச் சொல்லுதேன், குரல் நடுங்குதான்னு பாத்துச் சொல்லுங்க.